காதுக்குப் பின்னால் ஒரு வில்லை

கோகிலவாணிக்குத் தெரியாமல் அந்தக் குடியிருப்பில் ஒரு குக்கர்கூட விசில் அடித்ததில்லை. எந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தார்கள், எந்த வீட்டில் கறி எடுத்ததாகப் பேர் பண்ணிக்கொண்டு தக்காளி ரசம் வைத்தார்கள் என்பதையெல்லாம் பால்கனியில் நின்றபடியே மோப்பம் பிடித்துச் சொல்லிவிடுவாள். கொடியில் துணி போடுவதற்கென்று வெளியே வருவாள்; துணி காய்ந்து மொடமொடவென்று ஆன பிறகும் உள்ளே போகமாட்டாள்.

"ஆருகிட்டயும் சொல்லீராதீங்க" என்றுதான் ஒவ்வொரு கதையையும் தொடங்குவாள். அந்த ஒரு வாக்கியமே சிங்காநல்லூர் வரை கேட்கும்.

இப்பேர்ப்பட்டவளுக்கு, தன் வீட்டு நடு அறையில் நடந்தது மட்டும் கடைசியாகத்தான் தெரிந்தது.

மகன் யுகேந்திரன் மோட்டார் பம்ப் கம்பெனியில் படம் வரைகிற வேலையில் இருந்தான். நல்ல பிள்ளை, அதிர்ந்து பேசாத பிள்ளை. முதலில் லிஃப்டில் நாலு பேரோடு நிற்க முடியவில்லை என்று படியில் இறங்கினான். பிறகு படி செங்குத்தாக இருக்கிறது என்றான். "தினமும் எறங்கற படிதானடா, நேத்து ராத்திரி யாராச்சும் வந்து நிமுத்தி வெச்சுட்டாங்களா?" என்று கேட்டு அவளே சிரித்துக்கொண்டாள். பிறகு வேலையை விட்டான். பிறகு கூடத்துக்கு வருவதை விட்டான். ஜன்னலில் செய்தித்தாளை ஒட்டினான். கதவடியில் வைத்த தட்டு முதலில் காலியாக வந்தது, பிறகு பாதியாக வந்தது, இப்போது வைத்தது வைத்தபடியே தோசை சுருண்டு கிடக்கிறது. இரண்டு முறை கதவிடுக்கு வழியே அவன் கழுத்தைப் பார்த்துவிட்டாள். எலும்பு, மரத்தொட்டில் கம்பி போலத் துருத்திக்கொண்டு நின்றது.

"என்னடா ஆச்சு கண்ணு? ஆராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? பொண்ணு சமாச்சாரமா?"

"ஒண்ணும் நடக்கலம்மா."

"பின்ன என்னடா?"

"நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா. நீ நின்னா கதவு பூரா நீயேதான் இருக்கே."

"நான் அம்பது கிலோகூட இல்லடா!"

அவள் தள்ளி நின்றாள். தள்ளி நின்று சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அழுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே!

வைத்தியம் இல்லாமல் இல்லை. ஊரெல்லாம் அப்போது வில்லை வந்துவிட்டிருந்தது. பொட்டு அளவே இருக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் போதும். ஒருவன் தன்னைத் தானே எவ்வளவு பெரியவனாக, எவ்வளவு சிறியவனாக உள்ளுக்குள் வைத்திருக்கிறானோ, அந்த 'அளவை' மெல்ல மெல்லத் தூக்கிவிடும். அளவு ஏறினால் படி தணிந்துவிடும், குரல்கள் மிரட்டாது, மற்றவர்களின் முகத்தை நேராகப் பார்க்க முடியும் என்றார்கள். குடியிருப்பிலேயே பலர் ஒட்டிக்கொண்டார்கள்.

ஒட்டிக்கொண்டவர்களை ஊருக்கு அறிவித்த பெருமை கோகிலவாணியைச் சேரும். காதுக்குப் பின்னால் பார்ப்பதற்கென்றே ஆட்களை முன்னால் போகவிட்டு நடப்பாள். "ஆருகிட்டயும் சொல்லீராதீங்க, ஏ பிளாக் பேங்க் மேனேசருக்கு அளவு தரையோட தரையாமா! அந்த மீசைக்கு!" என்று எதிர் பால்கனிக்குக் குரல் கொடுப்பாள். கடைசியில் சித்திரை வெயிலில்கூட அந்தக் குடியிருப்பில் ஆண்கள் மஃப்ளரோடும் பெண்கள் முக்காட்டோடும் நடமாடினார்கள். வெளியூர்க்காரர்கள் ஏதோ மலைவாசஸ்தலத்துக்கு வந்துவிட்டோமோ என்று குழம்பியிருப்பார்கள்.

பால்கனிக்கும் மகன் அறை ஜன்னலுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

அளவு எடுக்க நர்ஸை வரவழைத்தபோது, "எங்க சித்தப்பா பொண்ணு, பொள்ளாச்சியிலிருந்து" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவைத்தாள். கதவிடுக்கு வழியே நெற்றியில் கட்டிக்கொள்கிற பட்டையைக் கொடுத்து அளவு எடுத்துக்கொண்டு போனாள் நர்ஸ். மறுநாளே மருத்துவரிடமிருந்து அழைப்பு வந்தது.

திருச்சி ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது மருத்துவமனை. மருத்துவர் அமுதினி சின்னப் பெண். கோகிலவாணி உட்காருவதற்கு முன்பே மருத்துவரின் கழுத்தைப் பார்த்தாள், தாலி இல்லை. அதைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தாள். அப்படி ஒதுக்கிவைத்தது அவள் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

"நெலமை மோசம்தாங்கம்மா," என்றாள் மருத்துவர். "இன்னும் எறங்கினா அவருக்கு ஒரு வாய் சோறே மலை மாதிரித் தெரியும். சாப்பிடமாட்டார்னு இல்ல, சாப்பிட முடியாது."

"வில்லையை ஒட்டீருங்க டாக்டர். என்ன வேணும்னாலும் பண்ணுங்க."

"வில்லை வெறும் டப்பாதாங்க. அதுக்குள்ள போடறதுக்கு ஒரு அச்சு வேணும். நல்ல அளவு இருக்கற இன்னொருத்தர் தலையிலிருந்து எடுக்கணும். தக்காளிச் செடி படுத்துட்டா பக்கத்துல ஒரு குச்சி நட்டுக் கட்டிவிடறோமில்ல? அந்த மாதிரி. கொஞ்ச நாள் அந்த அளவுல உலகத்தைப் பார்த்தார்னா, அவரோட சொந்த அளவு அதைப் புடிச்சுட்டு மேல ஏறிக்கும்."

"குச்சிதான, நான் இருக்கேனே!"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். அச்சு குடுக்கறவங்க அவரோட அதே எடத்துல புழங்கினவங்களா இருக்கணும். அதே படிக்கட்டு, அதே வாசல், அதே ஆளுங்க. இல்லீன்னா ஒட்டாது."

கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பட்டையை நெற்றியில் கட்டும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் தலைவரையே எழுந்து நின்று கேள்வி கேட்டவள். ஆயிரம் பேர் வந்த கல்யாணத்தில் சாம்பாரில் உப்பு இல்லை என்று பந்தியில் சத்தமாகச் சொன்னவள். அவள் அளவு திரையைக் கிழித்துக்கொண்டு மேலே போகாதா?

மருத்துவர் திரையைப் பார்த்தாள். இன்னொரு முறை எடுத்தாள். பட்டையைத் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் எடுத்தாள்.

"உங்களதை எடுக்க முடியாதுங்கம்மா."

"ஏங்? பிரசர் இருக்குது, அதனாலயா?"

"உங்க அளவு பையனோடதைவிடக் கீழ இருக்குது."

"மெசின் ரிப்பேரு," என்றாள் கோகிலவாணி.

"மெஷின் சரியாத்தான் இருக்குது."

"நான் ஆருன்னு எங்க பிளாக்குல கேட்டுப் பாருங்க! நான் பயந்தவளா? என்னைப் பார்த்துத்தான் எல்லாரும்..."

மருத்துவர் அவளைக் கோபமில்லாமல் பார்த்தாள். "அளவு சின்னதா இருக்கறவங்களுக்குச் சுத்தி இருக்கறவங்க எல்லாரும் பெரிசாத் தெரிவாங்க. அதுல ஒரு சிலர் கதவைச் சாத்திக்குவாங்க, உங்க பையன் மாதிரி. வேற சிலர் கதவைச் சாத்தமாட்டாங்க. வெளிய நின்னு, பெரிசாத் தெரியறவங்களை எல்லாம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா செதுக்கிக் கொறைச்சுட்டே இருப்பாங்க. கொறைக்கலீன்னா அவங்களால மூச்சு விட முடியாது."

கீழே பேக்கரியில் பப்ஸ் வேகிற வாசனை வந்தது. கோகிலவாணி மேசைமேல் சாய்ந்து, தாழ்ந்த குரலில், யாரிடமும் இதுவரை கெஞ்சாத ஒரு குரலில் சொன்னாள்:

"ஆருகிட்டயும் சொல்லீராதீங்க."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் தலைக்குள் குடியிருப்பின் ஒவ்வொரு கதவும் திறந்து திறந்து மூடியது. யாருக்கு அளவு இருக்கும்? அவளைவிட அதை அறிந்தவர் யார்? மீசைக்கார மேனேஜர், வில்லை. சங்கத் தலைவர், வாசல் தாண்டும்முன் மூன்று தடவை சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிற ஆள். யோகா டீச்சர், ஊருக்குச் சொல்லிக்கொடுப்பாள், மாமியார் வந்தால் குளியலறையில் போய் அழுவாள். எதிர் பால்கனி சாவித்திரி, கொலுசு புதுசா என்று கேட்டால் மூன்று நாள் சந்தோஷமாகவும், கேட்காவிட்டால் மூன்று நாள் காய்ச்சலாகவும் இருப்பவள். ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டே வந்தாள். இத்தனை வருஷம் சேர்த்த வம்பு இப்படி ஒரு காரியத்துக்கு உதவும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

கடைசியில் ஒரே ஒரு கதவு மிஞ்சியது. அந்தக் கதவாக இருக்கக் கூடாது என்று மருதமலை முருகனை வேண்டிக்கொண்டாள். முருகன் அன்றைக்கு வேறு வேலையாக இருந்தான்.

மேல்மாடி சுகிர்தா.

மாநகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறவள். புருஷனை விட்டு வந்தவள். விடப்பட்டவள் அல்ல, விட்டவள் என்பதைக் கோகிலவாணி தனியாக விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். ஈரத்தலையும் தோளில் துண்டுமாகத் தெருவில் நடந்து வருவாள். தனியாக ஓட்டலுக்குப் போய் இரண்டு ரோஸ்ட் சாப்பிடுவாள். வாசலுக்கு வந்ததும் நிமிர்ந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் உட்காரும் மைனாக்களைப் பார்ப்பாள். அதற்கு நேர்க்கீழே பால்கனியில் நிற்கிற கோகிலவாணியைப் பார்க்கமாட்டாள். படியில் எதிரே வந்தால் பக்கவாட்டில் திரும்பிச் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டு, அரைச்சிரிப்பு ஒன்று சிரிப்பாள். "பார்த்தீங்களா திமிர, நம்ம சேலை பட்டா ஒட்டிக்குமாம்!" என்று கோகிலவாணி அதற்கு உரை எழுதியிருந்தாள். சுகிர்தாவைப் பற்றி அவள் பரப்பியவற்றில் இது மிகவும் மென்மையானது. மற்றவற்றை இங்கே எழுத முடியாது.

மருத்துவரிடம் தொலைபேசியில் பெயரைச் சொன்னாள்.

"அவங்க சம்மதிச்சா நல்லதுங்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும் நீங்க. அந்த அச்சு உள்ள இருக்கறவரைக்கும், அவங்க படியை எப்படிப் பார்க்கறாங்களோ அப்படித்தான் உங்க பையனும் பார்ப்பார். ஆளுங்களையும் அப்படித்தான். உங்களையும்."

"என்னையுமா?"

"நீங்க அம்மாங்கறது மறக்காது. ஆனா உங்களைப் பார்த்தா உள்ளுக்குள்ள எவ்வளவு கனமாத் தெரியணும்ங்கறது, அது அவங்க கணக்கு."

"எடுத்துட்டா சரியாயிருமில்ல?"

மருத்துவர் கொஞ்சம் தயங்கினாள். "குச்சியைப் புடுங்கலாங்க. செடி அது சாஞ்ச பக்கம் சாஞ்சதுதான்."

போனை வைத்துவிட்டு மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவடியில் தோசை. அவள் பேசிய பேச்சுக்கெல்லாம் சுகிர்தாவின் நெஞ்சில் என்ன வன்மம் ஊறிக்கிடக்கும்? அத்தனையும் வடிகட்டி, ஒரு பொட்டு அளவில் அடைத்து, பெற்ற பிள்ளையின் காதுக்குப் பின்னால் அவளே ஒட்டப்போகிறாள். நாளைக்குக் கதவு திறக்கும். வெளியே வருகிற கண்ணில் அவள்மேல் வெறுப்புத்தான் இருக்கும்.

இருக்கட்டும். வெறுப்பதற்காவது ஒரு பிள்ளை உயிரோடு வேண்டும்.

படியேறினாள். அன்றைக்கு அந்தப் படி அவளுக்கும் செங்குத்தாகத்தான் இருந்தது.

சுகிர்தா கதவைத் திறந்தபோது கையில் கரண்டி. "வாங்கக்கா. அப்பளம் பொரிச்சுட்டிருக்கேன், உள்ள வாங்க."

கோகிலவாணிக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்: கதவு, தோசை, கழுத்தெலும்பு, அச்சு. தன் அளவை மட்டும் சொல்லவில்லை.

"அடப்பாவமே, அந்தத் தம்பியா? எப்ப வரணும் நான்?"

இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததும் கோகிலவாணிக்குப் பயம் வந்துவிட்டது. "அம்மிணி, நான் உன்னைப் பத்திப் பேசினதெல்லாம் மனசுல வெச்சுக்காத. என்னை எத்தன வேணும்னாலும் திட்டு. அவன்மேல..."

"என்ன பேசினீங்க?"

கேட்கிற கேள்வியைப் பார்! என் வாயாலேயே ஒவ்வொன்றாகச் சொல்லவைத்துக் கேட்டு ரசிக்கவேண்டும் இவளுக்கு. ஆனாலும் நியாயம்தான் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"இருங்கக்கா, அப்பளம் கருகுது," என்று உள்ளே ஓடினாள் சுகிர்தா.

அன்று மதியமே சுகிர்தா மருத்துவமனைக்குப் போய் அச்சு கொடுத்தாள், வில்லையும் வந்துவிட்டது. அன்று மாலையே அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கதவருகே தரையில் உட்கார்ந்தாள் கோகிலவாணி.

"யுகா. கையை மட்டும் நீட்டு சாமி."

"வேண்டாம்மா."

"ஒட்டிக்கிட்டா சாப்பிடத் தோணுமாம்."

"எல்லாரும் காதுக்குப் பின்னாடி பார்ப்பாங்க." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "தரையோட தரையாமான்னு சொல்லுவாங்க. எனக்குக் கேட்கும்மா. தினமும் கேட்டுட்டுத்தானே இருக்கேன்."

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். இந்தப் பக்கம் அவன் ஜன்னல். அந்தப் பக்கம் பால்கனி. ஒரு செங்கல் கனம்.

திறந்திருந்த பால்கனிக் கதவு வழியே, எதிர் பால்கனியில் சாவித்திரி நிற்பது தெரிந்தது. இங்கே பேசினால் அங்கே கேட்கும். கோகிலவாணிக்கு அது நன்றாகவே தெரியும். அந்தத் தூரத்தைக் குரலால் அளந்து பழகியவள்தானே. தாழ்த்திப் பேசலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். தாழ்த்திப் பேசினால் அவன் நம்பமாட்டான் என்று தோன்றியது.

"எனக்கும் அளவு எடுத்தாங்கடா!" என்றாள், கதை சொல்கிற அதே குரலில். "உன்னையவிடக் கம்மி. தரையோட தரை இல்ல, தரைக்கும் கீழ. உங்கம்மாவுக்கு! மூணு தடவ எடுத்தாங்க, மூணு தடவையும் அதேதான். ஆருகிட்ட வேணும்னாலும் சொல்லிக்க."

எதிர்ப் பக்கம் கொலுசுச் சத்தம் சட்டென்று நின்றது.

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. இடுக்கில் ஒரு கை நீண்டது. விரல்களில் சதையே இல்லை. அந்தக் கையில் வில்லையை வைத்தாள். வைத்த கையால் அந்த விரல்களை ஒருமுறை பிடித்துக்கொண்டாள். அவையும் அவளை ஒரு நொடி பிடித்தன. பிறகு கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் காலை எழுந்ததிலிருந்து கூடத்திலேயே நின்றாள். என்ன கேட்பான், எப்படித் திட்டுவான் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டாள். 'அவங்களைப் பத்தி அப்படிப் பேசினியே, உனக்கு வெட்கமா இல்ல?' என்பான். ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும். 'உன்னாலதான் நான் இப்படியானேன்' என்பான். அதற்கும் ஆமாம். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கதவு திறந்தது.

யுகேந்திரன் வந்தான். கண் கூச, கைகளைத் தலைக்குமேல் தூக்கிச் சோம்பல் முறித்தான். சமையலறைக்குப் போய் நேற்றைய சாதத்தில் மோரை ஊற்றி நின்றபடியே சாப்பிட்டான். அவள் எண்ணிக்கொண்டே பார்த்தாள். ஒரு கவளம். இன்னொரு கவளம். ஊறுகாயைத் தேடி எடுத்தான். தட்டைக் கழுவி வைத்தான். முகம் கழுவி, தலையை ஈரத்தோடு கோதிக்கொண்டு, செருப்பைப் போட வாசலுக்கு வந்தான்.

வாசலில் அவள் நின்றிருந்தாள். நேருக்கு நேர். கதவு பூரா அவளே.

அவன் பார்த்தான். பார்வையில் தீ இல்லை. பகை இல்லை. அவள் எதற்கெல்லாம் தயாராக இருந்தாளோ அதில் ஒன்றுகூட இல்லை. அவன் பக்கவாட்டில் திரும்பி, சுவரோடு ஒதுங்கி, அவளுக்கு வழிவிட்டு அரைச்சிரிப்பு ஒன்று சிரித்தான்.

"யுகா..."

"பேக்கரி வரைக்கும் போய்ட்டு வர்றேம்மா."

"என்னைத் திட்டீரு கண்ணு. ஏதாச்சும் கேளு. உனக்கு எம்மேல கோவமில்லியா?"

"கோவமா? எதுக்கும்மா?"

நேற்று அப்பளக் கரண்டியோடு நின்றவளின் குரல் அது. அதே குரல், அதே நிஜமான ஆச்சரியம். என்ன பேசினீங்க? சுகிர்தா குத்திக்காட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷம் இந்தப் பால்கனியிலிருந்து எறிந்த ஒரு கல்கூட மேல்மாடிக்குப் போய்ச் சேரவில்லை. சுகிர்தாவின் உலகத்தில் கோகிலவாணி என்பது படியில் எதிரே வருகிற ஒரு சேலை. ஒதுங்கி வழிவிட்டால் கடந்து போய்விடும்.

அவன் படியிறங்கிப் போனான். ஒரு படிகூடத் தயங்கவில்லை. சீட்டியடித்துக்கொண்டு இறங்கினான்.

அவள் பால்கனிக்கு ஓடினாள். எதிரே சாவித்திரி ஏற்கெனவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கோகிலாக்கா! உங்க பையனா போறது? என்ன வைத்தியமுங்க பண்ணுனீங்க? ஆருகிட்டயும் சொல்லமாட்டேன், சொல்லுங்க!"

கீழே யுகேந்திரன் வாசலைத் தாண்டினான். நின்றான். திரும்பி நிமிர்ந்து பார்த்தான். கோகிலவாணியின் கை தானாக மேலே போனது. அவன் பார்வை அவளைத் தொட்டு, தாண்டி, மேலே தண்ணீர்த் தொட்டியில் போய் நின்றது. அங்கே மைனா இரண்டு உட்கார்ந்திருந்தன. அவன் அவற்றைப் பார்த்துச் சிரித்தான். பிறகு வெயிலில் நடந்து போனான்.

"என்னக்கா, கேட்டுட்டே இருக்கேன்?"

"பசிக்குதாம்," என்றாள் கோகிலவாணி. "சாப்பிட்டான்."

தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் கொடி இருந்தது. துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பவள்போல அதைப் பிடித்துக்கொண்டாள். கொடியில் அன்றைக்குத் துணி எதுவும் இல்லை என்பதை எதிர் பால்கனி பார்த்துக்கொண்டிருந்தது.